கத்தரிக்கோல் படாத நூடுல்ஸ்

ரொப்பியா மாச்சிக்குக்கு, விருந்து என்றால் வரிசை நகர வேண்டும். தட்டை ஏந்திக்கொண்டு யாராவது ஒரு பாத்திரத்தின் முன்னால் யோசித்துக்கொண்டு நின்றுவிட்டால், பின்னால் நிற்பவர்களைவிட அவருக்குத்தான் பொறுக்காது. தூணுக்குப் பின்னாலிருந்து எனக்கு ஜாடை காட்டுவார். நான் போய், "அங்கிள், அந்தக் கோடியில இறால் சம்பால் இப்பதான் சூடா கொட்டினோம்" என்று ஆளைக் கிளப்ப வேண்டும்.

நான் அவருடைய கேட்டரிங் லாரி ஓட்டி. லாரி ஓட்டி என்பது பெயருக்குத்தான். மேசை விரிப்பது, பாத்திரங்களுக்கு அடியில் நெருப்பு வைப்பது, மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்பினால் அந்த நெருப்பு அணையாது என்று பார்ப்பது, எல்லாம் முடிந்தபின் திட்டு வாங்குவது, இத்தனையும் என் வேலைதான். மாச்சிக் என்றால் மலாயில் அத்தை, சின்னம்மா மாதிரி; சிங்கப்பூரில் பாதிப் பேருக்கு அவர் மாச்சிக். எனக்கு அக்கா வயதுதான். ஆனால் ஒருநாள் அக்கா என்று கூப்பிட்டதற்கு, "என்ன துரை, சம்பளத்துல முன்பணம் வேணுமா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மற்ற கேட்டரிங்காரர்கள் ஆர்டர் எடுக்கும்போது, "என்ன சாப்பாடு வேணும்?" என்று ஆரம்பிப்பார்கள். மாச்சிக் அப்படிக் கேட்கவே மாட்டார். "யார் யாரு வர்றாங்க?" இதுதான் முதல் கேள்வி. வருகிறவர்கள் யார் என்று தெரிந்தால் சாப்பாடு தானாக வரும் என்பது அவர் கட்சி. அதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டிலேயே சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆரம்ப காலத்தில், மேல்மாடிச் சீனப் பெண் தன் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததற்கு விருந்து கேட்டிருக்கிறாள். கூட வேலை பார்க்கிறவர்களில் மலாய்க்காரர்கள் நிறைய, அதனால் ஹலால் வேண்டும் என்று. மாச்சிக்கும் கோழி, இறால், ஆட்டிறைச்சி என்று வெளுத்து வாங்கியிருக்கிறார். வந்தவர்களில் ஒருத்தி சுத்த சைவம்.

"அவ என்ன பண்ணா தெரியுமா துரை? வெறும் சோத்துல தர்பூசணி வச்சுப் பிசைஞ்சு சாப்பிட்டா. என் விருந்துல! ஒரு வார்த்தை குறை சொல்லல. சிரிச்சிக்கிட்டே சாப்பிட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல."

இந்தக் கதையை எனக்கு மட்டுமல்ல, காய்கறி இறக்க வருகிறவனுக்கும் சொல்லியிருக்கிறார். அந்தத் தர்பூசணிதான் அவரை இன்றைய மாச்சிக்காக ஆக்கியது. சைவத்துக்குத் தனி மேசை. அதில் வெங்காயம் பூண்டு சேராத ஐட்டங்கள் தனியாக. அந்தக் கரண்டிகளின் பிடியில் பச்சை ரிப்பன், அதுவும் நூலால் பாத்திரத்தோடு கட்டியிருக்கும். "கரண்டிக்குக் கால் உண்டு" என்பார். இந்துக்களும் குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனர்களும் வருகிற விருந்து என்றால் மாட்டிறைச்சி மேசைப் பக்கமே வராது, ரெண்டாங் என்கிற தேங்காய்ப்பால் மசாலா வறுவலும் கோழியில்தான். வெளியிலிருந்து யார் எதைக் கொண்டு வந்தாலும் அவர் பாத்திர வரிசையில் வைக்க முடியாது. ஒருமுறை மணப்பெண்ணின் சித்தி ரம் ஊற்றிய கேக்கை ஆசையாகக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்துவிட்டார். மாச்சிக் அந்த அம்மாவையும் கேக்கையும் சேர்த்தே அழைத்துக்கொண்டு போய், பூவெல்லாம் வைத்துத் தனி நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்தார். அந்த அம்மா அதை மரியாதை என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஏற்பாடுகளில் கடைசியாகச் சொல்ல வேண்டியது கத்தரிக்கோல். சிவப்புப் பிடி போட்டது, எப்போதும் இடுப்பில் தொங்கும். நூடுல்ஸ் எதுவாக இருந்தாலும் கிளறி இறக்கியதும் கத்தரிக்கோலை உள்ளே விட்டு நறுக் நறுக்கென்று வெட்டிவிடுவார். விருந்தாளி ஒரு கையில் தட்டும் ஒரு கையில் இடுக்கியுமாக நிற்கிறார். நூடுல்ஸ் நீளமாக இருந்தால் கையைத் தலைக்கு மேலே தூக்குவார். அப்போதும் அது முடியாது. உதறுவார். பக்கத்தில் நிற்கிறவரின் சட்டை போச்சு. வரிசையும் போச்சு.

"பஃபே மீ-ன்னா விரல் நீளம்தான்" என்பார் மாச்சிக். இங்கே நூடுல்ஸுக்கு மீ என்றுதான் பெயர்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஹுவே லிங் வந்தாள். உட்லண்ட்ஸில் எங்கள் சமையற்கூடத்துக்கே நேரில் வந்துவிட்டாள். தலையில் முக்காடு, நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் விருந்து.

"யார் யாரு வர்றாங்க?" என்றார் மாச்சிக், இஞ்சி உரித்துக்கொண்டே.

"அப்பா பக்கத்துச் சொந்தம் எல்லாரும். அண்ணன் குடும்பம். பெரியத்தை வருவாங்க, பௌத்த சைவம், பூண்டு வெங்காயம் ஆகாது. என் வீட்டுக்காரர் ஹைரில், அவங்கம்மா, அவங்க ஆளுங்க. அப்புறம் நான்." அந்த 'நான்' என்ற சொல்லில் கொஞ்சம் தயங்கினாள். மாச்சிக் இஞ்சியைக் கீழே வைத்தார்.

"நீ வர்றது பெரிய விசேஷமா?"

அதற்கப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. ஹைரிலைக் கட்டிக்கொண்டு மதம் மாறிய முதல் வருஷம், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய ராத்திரி குடும்ப விருந்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். மகளுக்காக மீனும் காயும் தனியாகச் சமைத்து வைத்திருந்தார். ஆனால் பன்றி சமைத்த அதே வாணலி, அதே கிண்ணங்கள். மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா கத்தியிருந்தா பரவால்ல மாச்சிக். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'நீ பொறந்ததுலருந்து சாப்பிட்ட கிண்ணம், இப்ப உனக்கு ஆகாதா?' அவ்வளவுதான். அதுக்கப்புறம் என் வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடிச்சதில்ல. நானும் புத்தாண்டுக்கு, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் போறேன். பாக்கெட் ஜூஸ் குடிச்சிட்டு வந்துடறேன். இருபது வருஷம் ஆச்சு."

"இப்ப மட்டும் எப்படிச் சம்மதிச்சாரு?"

"எண்பது ஆச்சே. எல்லாரும் ஒரே மேசையில சாப்பிடணும்னு அண்ணன்தான் போய்ப் பேசினான். அப்பா சொன்னது இவ்வளவுதான்: 'ஹலாலோ கிலாலோ, எனக்கு என் மீ இருக்கணும். முழுசா இருக்கணும்.'"

பிறந்தநாள் நூடுல்ஸ் நீளமாக இருக்க வேண்டும், வெட்டக்கூடாது, வெட்டினால் ஆயுளை வெட்டியது மாதிரி என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மாச்சிக்குக்கும் தெரியும். "அத என்கிட்ட விடு" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் எங்கள் உயிரை வாங்கினார். பீச் பழம் போல உருட்டி ஆவியில் வேகவைக்கிற பிறந்தநாள் பாவ் ரொட்டியை வெளியில் வாங்கினால் உள்ளே பன்றிக் கொழுப்பு இருக்கும் என்று, பச்சைப்பயற்றை எண்ணெயில் வதக்கித் தானே செய்து பார்த்தார். முதல் தடவை பீச் பழம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பெரியத்தையின் சைவ மேசைக்குப் புட்டு மாயாம் என்று முடிவாயிற்று. பழைய குழல் உடைந்திருந்ததால் என்னைக் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனார்.

"புட்டு மாயாம்னு ஒண்ணும் கிடையாது மாச்சிக். அது எங்க இடியாப்பம்."

"உங்க இடியாப்பத்துக்குத் தேங்காயும் பனைவெல்லமும் வச்சுக் குடுக்கத் தெரியுமா?"

"தெரியுமாவா? எங்ககிட்டதான நீங்க கத்துக்கிட்டீங்க."

"அப்ப எதுக்கு உம் பொண்டாட்டி மாசாமாசம் என்கிட்ட வந்து டப்பாவ நீட்டறா?"

நான் குழல்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். திருகு வைத்த பித்தளைக் குழல் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினோம். கடைக்காரர் அதோடு ஒரு பை நிறைய முறுக்கு அச்சுகளையும் போட்டுக் கொடுத்தார். நட்சத்திரம், நாடா, ஒற்றைக் கண் எல்லாம் இருந்தன. "இந்தக் குப்பையெல்லாம் எனக்கெதுக்கு?" என்று மாச்சிக் முணுமுணுத்தார். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

பிறந்தநாளன்று காலையில் சமையற்கூடத்துக்குள் நுழைந்ததுமே அங்கே இருந்த எல்லாக் கத்தரிக்கோல்களையும் பிடுங்கி, அலமாரியில் போட்டுப் பூட்டினார். "இன்னைக்கு எவ கையிலயும் இது இருக்கக்கூடாது. பழக்க தோஷத்துல எவளாவது வெட்டி வச்சா என் மானம் போயிடும்" என்று உரக்க அறிவித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் இடுப்பில் தொங்கியதை யாரும் பார்க்கவில்லை, அவர் உட்பட.

தோ பாயோவில் ஹுவே லிங்குடைய அப்பாவின் அடுக்குமாடிக் கட்டடக் கீழ்த்தளத்தில்தான் விருந்து. சிவப்பு விரிப்பு போட்ட வட்ட மேசைகள், தங்க நிறக் காகிதத்தில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் பெரிய சீன எழுத்து, தூணுக்குத் தூண் மின்விசிறி. நானும் மாச்சிக்கும் லாரியில் வந்து இறக்கினோம். நான் ஒவ்வொரு பாத்திரமாக நெருப்பு வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் இருந்த பெரிய பாத்திரம்தான் மீ. காளானும் கோழியும் போட்டுக் கமகமவென்றிருக்கும் என்று மூடியைத் திறந்தேன்.

விரல் நீளம்.

மறுபடி மூடினேன். மறுபடி திறந்தேன். அப்போதும் விரல் நீளம்தான்.

"மாச்சிக், இங்க கொஞ்சம் வாங்க" என்றேன். என் குரலை வைத்தே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு ஓடிவந்தார். பார்த்தார். அவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கத்தரிக்கோலின் ஓரத்தில் ஒரு துண்டு மீ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஐஸ்காரனைப் போனில் திட்டிக்கொண்டே மீயை அடுப்பிலிருந்து இறக்கினார். அது எனக்கு ஞாபகம் வந்தது. வாய் ஐஸ்காரனோடு இருந்தது. கை அதுபாட்டுக்குப் பல வருஷ வேலையைச் செய்துவிட்டது.

"அலாமாக்" என்றார், நம் ஐயையோ மாதிரி. கத்தவில்லை. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். விருந்து நடக்கும் இடத்தில் மாச்சிக் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஹுவே லிங்கும் அவள் அண்ணன் ஹோக் சுன்னும் வந்தார்கள். மாச்சிக் எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "நான்தான் வெட்டினேன். வேற யாரும் இல்ல." ஹுவே லிங்கின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கண் தானாக முன் மேசைக்குப் போயிற்று. அங்கே அவள் அப்பா, கிழவர் குவெக், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது மகளுக்கு.

ஹோக் சுன் வேகமாக யோசிக்கிறவர். "விடுங்க லா. எதிர்த்தாப்ல கோப்பிக் கடையில மீ சுவா விக்கிறான், நல்ல நீளமா இருக்கும். அப்பாவுக்கு மட்டும் ஒரு கிண்ணம் வாங்கிட்டு வந்துடறேன். இந்தப் பாத்திரத்த மூடி லாரியில வச்சிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தக் கடையில பன்றி எலும்புல சூப்பு வைக்கிறாங்க தம்பி."

"அப்பா மட்டும்தான சாப்பிடப் போறாரு? அவருக்கென்ன?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. தனியா ஒரு மேசை போட்டு உக்கார வச்சுக் குடுங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா உங்கப்பா அங்க தனியா உக்காந்து சாப்பிடுவாரு, உங்க தங்கச்சி இங்க நின்னு பாத்துக்கிட்டிருப்பா. அதத்தான் இருபது வருஷமா பண்ணிக்கிட்டிருக்கீங்களே. அதுக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

ஹோக் சுன் பாத்திரத்தை மூடப் போன கையை எடுத்துக்கொண்டார். எனக்கோ, தப்பும் பண்ணிவிட்டு இந்த அம்மா இப்படிப் பேசுகிறாரே என்று பயம். ஆனால் அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

உட்லண்ட்ஸுக்குப் போய்த் திரும்பச் செய்து கொண்டுவர நேரமில்லை. மாச்சிக் சுற்றுமுற்றும் பார்த்தார். சைவ மேசையின் ஓரத்தில் புட்டு மாயாமுக்காக நான் மூட்டியிருந்த அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதுப் பித்தளைக் குழல். அவர் பார்வை அதிலேயே நின்றது.

"துரை, அந்தக் குப்பை அச்சுங்க எங்க?"

"லாரியில, சீட்டுக்கு அடியில."

"அதுல ஒத்தக் கண்ணு ஒண்ணு இருந்துச்சில்ல?"

அவ்வளவுதான், எனக்குப் பொறி தட்டிவிட்டது. ஓடினேன். திரும்பி வரும்போது பக்கத்து மினிமார்ட்டில் கோதுமை மாவும் மரவள்ளி மாவும் வாங்கி வந்தேன். இந்த அவதியிலும் மாச்சிக் மாவு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடினார். "மாவுதான மாச்சிக்!" என்று பல்லைக் கடித்தேன். "பேசாத, தண்ணி ஊத்து" என்றார்.

மாவு பிசைந்து, குழலில் அடைத்து, கொதிக்கிற தண்ணீருக்கு மேல் பிடித்துத் திருகினார். ஒற்றைக் கண் வழியாக வெள்ளையாக ஓர் இழை இறங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பட்டென்று அறுந்தது.

மறுபடி. இந்த முறை மூன்று சுற்று வந்தது. அதுவும் அறுந்தது.

இதற்குள் விருந்தாளிகள் எல்லாரும் வந்தாகிவிட்டது. கிழவர் தன் நூடுல்ஸில் வாய் வைக்காமல் யாரும் தட்டைத் தொடக்கூடாது. ஹைரிலின் அம்மா, தாமதத்தை மறைக்க, பெரியத்தையிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அந்தப் பேச்சு எங்கே போனாலும் நிற்காது என்பதால் அந்த மேசை நிம்மதியாக இருந்தது. கிழவர்தான் நிம்மதியாக இருக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நேராக அடுப்புப் பக்கம் வந்தார். ஹுவே லிங் பதறிப்போய், "பா, இது உங்களுக்காக ஸ்பெஷலா, கண் முன்னாலயே செய்யறாங்க..." என்று இழுத்தாள்.

மாச்சிக் திருகுவதை நிறுத்தினார். கிழவர் ஜூரோங் மீன் துறைமுகத்தில் காலம் தள்ளியவர், சந்தை மலாய் தண்ணீர் பட்ட பாடு. அதனால் இருவருக்கும் நடுவில் யாரும் தேவைப்படவில்லை.

"ஸ்பெஷல் எல்லாம் இல்ல அங்கிள். உங்க மீ-ய நான் வெட்டிட்டேன். வெட்டக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் கை வெட்டிடுச்சு. உங்க பொண்ணு மேல தப்பு இல்ல. என்னைத் திட்டுங்க."

கிழவர் ஊன்றுகோலை ஊன்றி நின்றார். மாச்சிக்கின் இடுப்பில் தொங்கிய கத்தரிக்கோலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அறுந்து மிதக்கிற துண்டுகளையும் பார்த்தார். ஹுவே லிங் முக்காட்டின் முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள். இவர் இப்போது திரும்பி மின்தூக்கிப் பக்கம் நடந்தால், அந்தக் காலி நாற்காலி காலியாகவே இருந்துவிடும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

கிழவர் கையை நீட்டினார். "அத இங்க குடு."

மாச்சிக் கத்தரிக்கோலைக் கழற்றிக் கொடுத்தார். கிழவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப செய்" என்றார். "நான் பாக்கறேன்."

மீன் ஏலத்தில் கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல் அது. கோபமா, விளையாட்டா என்று ஒன்றும் பிடிபடவில்லை. மாச்சிக் மாவை எடுத்தார். அவசரமாகக் குழலில் திணித்தார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. என் மனைவி முறுக்குப் பிழியும்போது செய்வது ஞாபகம் வந்து, "மாச்சிக், குழலைத் தரையில ரெண்டு தட்டுத் தட்டுங்க. உள்ள காத்து இருந்தா அறுந்துடும்" என்றேன்.

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

"ரெண்டு பேரும் அப்புறம் சண்ட போடுங்க" என்றார் கிழவர்.

குழலைத் தட்டினார். மாவை இறுக்கி அடைத்தார். மறுபடி தட்டினார். திருகினார். இழை இறங்கியது. பாத்திரத்தைச் சுற்றி ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம். கிழவர் ஊன்றுகோலில் தாடையை வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோக் சுன்னின் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெரியத்தைகூட முழங்காலை மறந்துவிட்டு எழுந்து வந்தார். குழல் காலியாகிற வரைக்கும் இழை அறுபடவில்லை. முடிவில் மாச்சிக் குழலைத் தூக்கியபோது, நுனி தண்ணீரில் விழுந்து மெதுவாக மிதந்தது.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். மாச்சிக் யாரையும் பார்க்கவில்லை. இழையை அலுங்காமல் எடுத்துக் கிண்ணத்தில் சுருட்டி வைத்தார். மேலே ஊற்றுவதற்கு எங்கள் சோத்தோ இருந்தது, மஞ்சளும் மல்லியும் போட்ட கோழிச் சாறு. ஒரு கரண்டி ஊற்றி, சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

கிழவர் சாப்ஸ்டிக்கால் நுனியைத் தேடிப் பிடித்து வாயில் வைத்தார். கடிக்காமல் உறிஞ்ச வேண்டும். அது அவ்வளவு லேசில் முடிகிற நீளமா? உறிஞ்சினார், மூச்சு வாங்கினார், மறுபடி உறிஞ்சினார். பேரப் பிள்ளைகள் ஏலம் கூவுவது மாதிரிக் கத்தி உற்சாகப்படுத்தினார்கள். கடைசி வால் உதட்டில் ஓர் அடி அடித்துவிட்டு உள்ளே போனபோது, அவர் மூக்கிலெல்லாம் சோத்தோ. ஹுவே லிங் கைக்குட்டையை நீட்டினாள். அவர் வாங்கித் துடைத்துக்கொண்டார்.

"மாவு இன்னும் இருக்கா?" என்று மாச்சிக்கிடம் கேட்டார்.

"இருக்கு அங்கிள்."

"இவளுக்கு ஒண்ணு செய்." மகளைக் காட்டினார். "என்னோடதவிட நீளமா இருக்கணும். பொண்ணு எனக்கப்புறம் நெறைய நாள் இருக்கணுமில்ல."

ஹுவே லிங் அப்படியே தரையில் குந்தி அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கிழவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முக்காட்டின் மேலேயே இரண்டு தட்டுத் தட்டி, "எந்திரி, எந்திரி, சூப்பு ஆறிடும்" என்றார். எனக்குக் கண் எரிந்தது. அடுப்புப் புகை என்று சொல்லலாம்தான். ஆனால் அது கேஸ் அடுப்பு.

ஹுவே லிங்குக்கு ஒன்று வந்தது. அவள் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்லிக் கொடுத்தபடியே கடிக்காமல் உறிஞ்சினாள். அப்புறம் ஹோக் சுன்னின் பெரிய பிள்ளை எனக்கும் வேண்டும் என்றான். ஹைரில் வேண்டும் என்றார். ஹைரிலின் அம்மா, "எனக்குப் பல்லு இல்ல, இது எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று தட்டோடு வந்து நின்றார். பெரியத்தைக்கு வெங்காயம் பூண்டில்லாத காளான் சாற்றில் ஒன்று. அப்படியே ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரிசை மின்தூக்கி வரைக்கும் போய்விட்டது. ஒரு இழை பிழிய வேண்டும், வேகவைத்து எடுக்க வேண்டும், சுருட்ட வேண்டும். வரிசை இம்மிகூட நகரவில்லை. நான் பழக்கத்தில் போய், "அந்தக் கோடியில ரெண்டாங் சூடா இருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"துரை!" மாச்சிக் திருகிக்கொண்டே கத்தினார். "அவங்களத் தொந்தரவு பண்ணாத. நிக்கட்டும்."

அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. முகம் முழுக்கச் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு விருந்தில் மாச்சிக் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து நான் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கிழவர் லாரிப் பக்கம் வந்தார். கூடவே ஹுவே லிங். சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மாச்சிக்கிடம் திருப்பிக் கொடுத்தார்.

"புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி விருந்துக்கு ஆர்டர் எடுப்பியா?"

"எடுப்பேன் அங்கிள். இங்கயா?"

"இங்க இல்ல. மேல, என் வீட்டுல." ஊன்றுகோலால் மாடியைக் காட்டினார். "சட்டி, கரண்டி, கிண்ணம், எல்லாம் நீ கொண்டு வா. என் கிண்ணம் அலமாரியிலயே இருக்கட்டும், அதுக்கு ஒண்ணும் ஆயிடாது."

மாச்சிக் கத்தரிக்கோலை இடுப்பில் மாட்டினார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"யார் யாரு வர்றாங்க?"

கிழவர் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார்.

"இவ வர்றா" என்றார். "மத்தவங்க எப்பவும் வர்றவங்கதான்."